மீன் எண்ணெய் மிகைநுகர்வு

மீன் எண்ணெய் மிகைநுகர்வு என்பது மீன் எண்ணெயையோ மீன் ஈரல் எண்ணெயையோ அளவுக்கு மீறி உட்கொள்வதாகும். அதன் பக்கவிளைவுகள் இரு வகைப்படும்.

ஒமேகா-3 மிகை: மீன் வாடை ஏப்பம், குமட்டல், நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு ஆகியன பொதுவானவை. நாளொன்றுக்கு 4 கிராம் அளவில் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு கூடுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோருக்கு இரத்தக்கசிவு ஏற்படலாம். ஆயினும், பெரியவர்கள் துணையுணவாக நாளொன்றுக்கு 5 கிராம் வரை இபிஏ, டிஹெச்ஏ எனும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களை உட்கொள்வது பாதுகாப்பானதே என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் மதிப்பிட்டது. வழக்கமான 1,000 மில்லிகிராம் மாத்திரையில் இவை இரண்டும் சேர்ந்து சுமார் 300 மில்லிகிராமே உள்ளன.

வைட்டமின் மிகை: இது ஈரல் எண்ணெய்க்கு உரியது. காட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 1,350 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ உண்டு. பெரியவர்களுக்கான நாள் உச்சவரம்பு 3,000 மைக்ரோகிராம். தொடர்ந்து மீறினால் தலைவலி, தோல் வறட்சி, கல்லீரல் பாதிப்பு தோன்றும். கர்ப்பிணிகள் மீறினால் கருவிலுள்ள சிசுவுக்குப் பிறவிக் குறைபாடு நேரலாம். வைட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் உயரும்.

மலேசியாவில்: நாடெங்கும் விற்கப்படும் மீன் எண்ணெய் மாத்திரைகள், 1984-ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி ‘மால்’ பதிவு எண் பெற்றிருக்க வேண்டும்.