காரைக்கால் கரையில் நூலறுத்த கருவிகள்

மீன்பிடித் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் படகை எழுதுவார்கள், வலையை எழுதுவார்கள், எஞ்சின் வந்த கதையையும் எழுதுவார்கள். நூலை அறுத்த கருவிக்கு அதில் இடம் கிடைப்பதில்லை. கத்தி என்றைக்கும் கத்திதானே, அதில் எழுத என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் காரணமாக இருக்க வேண்டும். காரைக்கால் கரையை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது என்று எனக்குப் படுகிறது. நூலைச் சுத்தமாக அறுப்பது தனி வேலையாகவும், அதற்கென்று கருவி தேட வேண்டிய சிக்கலாகவும் இங்கே ஆனது கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்குள்தான். அதற்கு முன்பு அறுப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை. அறுந்துவிடாமல் காப்பதே பெரும்பாடு. இந்தத் தலைகீழ் மாற்றத்தை நூல்தான் கொண்டுவந்தது, கத்தி அதன் பின்னால் ஓடி வந்தது என்பது என் வாதம்.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலத்தைத் தள்ளிவிட்டால், 1954 நவம்பர் 1 வரை அவர்களிடமே இருந்தது. ஏறத்தாழ 215 ஆண்டுகள். அவ்வளவு காலமும் மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி, வடக்கு வாஞ்சூர் என்று கடலோரமாகக் கிடக்கும் ஊர்களில் புழங்கியது பருத்தி நூலும் சணப்பை நூலும். கட்டுமரத்தைக் கட்டத் தென்னை நார்க்கயிறு. சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹார்னெல் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைப் பற்றி எழுதியதும் இந்த உலகத்தைத்தான். இந்த நூல்களின் குணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பருத்தி இழை குட்டையானது. ஒரு நூலுக்குள் கணக்கற்ற குட்டை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடக்கும். அறுத்த முனை கொஞ்சம் பிரியும். எச்சில் தொட்டு இரு விரலால் திரித்தால் கூராகி வலை ஊசிக் கண்ணில் நுழைந்துவிடும். தண்ணீர் பட்டதும் உப்பி, போட்ட முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கொல்லன் அடித்துக் கொடுத்த கத்தி மொட்டையாக இருந்தால்கூடப் போதும். கத்தி இல்லையென்றால் பல் இருக்கிறது. முனை எப்படி இருந்தாலும் நூல் அதைத் தானே சரிசெய்துகொண்டது. கவலையெல்லாம் வேறிடத்தில் இருந்தது. பருத்தி நனைந்தால் வலுக்கூடும் என்பது உண்மை. ஆனால் ஈரத்தோடு குவித்துப் போட்டால் மக்கிப்போகும். ஆகவே கரையேறியதும் வலையை விரித்து உலர்த்த வேண்டும். மரப்பட்டையையோ பனிச்சங்காயையோ ஊறவைத்த சாற்றில் அவ்வப்போது தோய்த்துத் துவரேற்ற வேண்டும். தொழிலின் அறிவும் நேரமும் இந்தப் பாதுகாப்பில்தான் செலவானது.

பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர் என்பதால் கருவிகளிலும் ஒரு தனி வழி இருந்திருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வடக்கே தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் கையில் இருந்தது. தெற்கே நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில். ஒரே கரையில் சிறு தூரத்துக்குள் மூன்று கொடிகள் பறந்தன. கடலுக்குப் போன பட்டினவர் குடும்பங்களோ இந்த எல்லைகளைத் தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ஓரிடத்தில் கட்டுமரமும் பருத்தி வலையும், அடுத்த இடத்தில் வேறொன்று என்று இருக்கவில்லை. இதைவிட வலுவான சான்று தேதிகளில் இருக்கிறது. நைலானை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் உருவாக்கினார். இந்திய மீனவர்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். கேரளத்தின் நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் 1953-இல் வேலையைத் தொடங்கியது. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957-இல் வந்தது. வலைக்குச் செயற்கை இழை என்பது அந்தப் பத்தாண்டின் இறுதியிலும் 1960-களிலும்தான் இந்தியக் கரைகளில் பரவியது. காரைக்காலில் நிர்வாகம் கைமாறியது 1954-இல். சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதாவது, பிரெஞ்சுக் காலம் முழுக்க முழுக்கப் பருத்திக் காலம். நைலான் வந்தபோது சுங்க எல்லை போய்விட்டது. வெட்டுக் கருவியை மாற்றிய பெருமையைப் பாரிஸுக்குக் கொடுக்க இடமே இல்லை.

நைலான் வந்ததும் என்ன ஆனது? மக்கும் பயம் போனது. துவரேற்றும் பானைகள் அடுப்பை விட்டு இறங்கின. கூடவே, அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு தொல்லையும் வந்தது. நைலான் இழை குட்டையானதல்ல. நூலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே ஓட்டமாக ஓடும், வழவழப்பாகவும் இருக்கும். பக்கத்து இழையைப் பற்றிக்கொள்ள அதற்கு ஒன்றுமில்லை. பருத்தியில் நின்ற ஒற்றை முடிச்சு நைலானில் வழுக்கி அவிழ்ந்தது. இரட்டை முடிச்சு போட வேண்டியதாயிற்று. அறுத்த முனையில் மூன்று புரியும் மூன்று திசைக்குப் போயிற்று. மொட்டைக் கத்தியால் அறுத்தால் இன்னும் மோசம்: சில இழைகள் முன்னே அறும், சில இழுபட்டுப் பின்னே அறும், முனை துடைப்பமாக விரியும். எச்சில் தொட்டுத் திரிக்கும் பழைய வித்தை இதனிடம் பலிக்காது. இதற்குக் கரை கண்ட தீர்வு இரண்டு துண்டாக வந்தது: ஒன்று சவர பிளேடு, மற்றொன்று நெருப்பு. பிளேடின் விளிம்பு மெல்லியது, எல்லா இழையையும் ஒரே இடத்தில் அறுக்கும், விலையும் குறைவு. பாதியாக ஒடித்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டே வலை பொத்தலாம். நெருப்பு பீடியாக இருக்கலாம், ஊதுபத்தியாக, மெழுகுவத்தியாக, லைட்டராக இருக்கலாம். அறுத்த முனையை அதன் அருகே கொண்டுபோனால், சுடர் தொடும் முன்பே புரிகள் சுருங்கிப் பின்வாங்கும். பிறகு உருகி ஒரு துளியாகத் திரளும். அந்தத் துளி முழுக்க இறுகுவதற்குள், ஆனால் பளபளப்பு அடங்கிய பிறகு, ஈர விரலால் உருட்டினால் முனை கூராக வரும், ஊசியில் ஏறும். முந்திக்கொண்டால் உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு தோலோடுதான் வரும். பிந்தினால் துளி மணியாக இறுகிவிடும். கண்ணியில் சிக்கும், விரலைக் கீறும். பருத்திக்காலக் கிழவருக்குத் தேவைப்படாத கைப்பழக்கம் இது. நைலான் உருக ஏறத்தாழ 220 டிகிரி வேண்டும். பின்னால் வந்த பாலிஎத்திலீன் கயிறு 130 டிகிரியிலேயே உருகிச் சொட்டும். ஆகவே இரண்டுக்கும் ஒரே நெருப்பு என்றாலும், காட்டும் தூரமும் நேரமும் வேறு.

கூர்மையான கத்தி எதையும் அறுக்கும், கருவி பார்த்து வாங்குவதெல்லாம் கடைக்காரன் கிளப்பிவிட்ட வேலை என்பது அடிக்கடி காதில் விழும் மறுப்பு. இதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொழிலில் அறுப்பது இரண்டு வகை. எஞ்சின் விசிறியில் சுற்றிய கயிற்றையோ, காலைச் சுற்றி இழுக்கும் கயிற்றையோ, பாறையில் மாட்டிய வலையையோ அறுப்பது விடுவிப்பதற்கான அறுப்பு. அங்கே கயிறு விறைத்து நிற்கும். விறைத்த கயிறு கத்திக்குத் தானே உடம்பைக் கொடுக்கும். முனை எப்படி வந்தாலும் யாருக்கும் அக்கறையில்லை. ஒரு கையால் உருவி ஒரே இழுப்பில் அறுக்கத் தடித்த கத்திதான் வேண்டும். முடிச்சுப் போட்டபின் மிஞ்சிய நூலை நறுக்குவதும், ஊசியில் ஏற்ற முனை செய்வதும் வேறு வகை. அங்கே நூல் தளர்ந்து கிடக்கும். கத்தியைக் கண்டால் விலகும். முதல் வகைக்குப் பழைய கத்தி இன்றும் போதும் என்பதை வைத்து இரண்டாவதற்கும் போதும் என்று சொல்வதுதான் பிழை. கத்தியின் இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 1913-இல் துருப்பிடிக்காத எஃகைச் செய்தார். உப்புக்காற்றில் அதன் வசதி தெரிந்ததே. ஆனால் லாரிப் பட்டையை அடித்துச் செய்த கத்தியைத் தினமும் துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் பொறுமை இருந்தால், அது ஏற்றுக்கொள்ளும் கூரை மலிவான பளபளக் கத்திகள் ஏற்பதில்லை. அந்தப் பொறுமை பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்பதால் பளபளக் கத்தி வென்றது.

மூன்றாவது நூல்தான் இந்த வாதத்தை முழுதாக வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1970-களின் கடைசியில் கண்ட முறையில் பாலிஎத்திலீன் மூலக்கூறுகளை ஒரே திசையில் நீட்டி இழையாக இழுத்தார்கள். டைனீமா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது; எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலு. அதைப் பின்னிச் செய்த தூண்டில் நூலைத்தான் இன்று கடைகளில் பிரெய்டு என்று கேட்டு வாங்குகிறார்கள். தையல் நூலின் தடிமன், பெரிய வஞ்சிரத்தையும் தாங்கும் பலம், தண்ணீரில் மிதக்கும், இழுத்தால் நீளாது. இதை அறுப்பதில் பருத்தியின் வழியும் செல்லாது, நைலானின் வழியும் செல்லாது. இழை மிக வழுக்கும். சாதாரணக் கத்தரியை வைத்தால் நூல் விளிம்பிலிருந்து நழுவி, இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து உட்கார்ந்துகொள்ளும். ஆணி கொஞ்சம் தளர்ந்த கத்தரியானால் அலகு விலகுமே தவிர நூல் அறாது. நகவெட்டியை எடுத்தால் அது தங்கூஸை, அதாவது ஒற்றையிழை நைலான் நூலை, அழகாக நறுக்கும். பின்னல் நூலை நசுக்கி நாலைந்து இழையை அறுக்காமல் விட்டுவிடும், ஏனென்றால் அதன் விளிம்புகள் ஒன்றையொன்று உரசிக் கடப்பதில்லை, நேருக்கு நேர் மோதுகின்றன. நெருப்போ, நைலானைவிட மிகக் குறைந்த சூட்டில் இதை உருக்கும். முனைக்கு அப்பாலும் சூடு ஏறி, முடிச்சுக்குப் பக்கத்து நூலின் வலுவைக் குறைக்கும். கடைசியில் பலித்தது அலகு குட்டையான, ஆணி இறுக்கமான, ஒரு விளிம்பில் நுண்ணிய பல் வைத்த கத்தரி. பல் நூலை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது, மறு அலகு வந்து அறுக்கிறது. நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு அலகின் அடிப்பக்கத்தில் வைத்து ஒரே கடியில் நறுக்கினால் முனை பூப்பதில்லை.

பிரெய்டு பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கும் சில கைத்தூண்டில்காரர்களுக்கும் உரியது, காரைக்காலின் மீன் வலையில்தானே வருகிறது என்று கேட்டால், கேள்வி நியாயமானது. இந்தத் தொழிலை மாற்றியது எஞ்சின்தான், நூல் அல்ல என்ற பெரிய மறுப்பும் இதோடு சேர்ந்தே வரும். இரண்டுக்கும் பதில் வலைக்குள்ளேயே இருக்கிறது. வெளிப்பொருத்து எஞ்சின் இந்தக் கரையில் பரவலானது 1980-களிலிருந்துதான். கட்டுமரத்தைப் பெரும்பாலும் ஒழித்து ஃபைபர் படகைக் கொண்டுவந்து நிறுத்தியது 2004 டிசம்பர் 26-க்குப் பின் வந்த மறுவாழ்வு உதவிகள். நைலான் அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. எஞ்சின் விசிறியில் கயிறு சுற்றும் ஆபத்தைக் கூட்டியது, அதாவது விடுவிக்கும் அறுப்பைக் கூட்டியது. முனை செய்யும் அறுப்பைக் கூட்டியது வேறொன்று. வீட்டில் வலை பின்னிய காலத்தில் ஊசியில் ஏற்றிய நூல் தீரும்வரை ஒரே ஓட்டம்; ஒரு பெரிய வலையில்கூட நூல் முனைகள் சொற்பம். செயற்கை இழை எந்திரப் பின்னலுக்கு வசதியானது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் பிற இடங்களிலும் ஆலைகள் வந்தன, பின்னிய வலை துணி போலக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. கரையில் மிஞ்சியது அதைக் கண்ணி எண்ணி அளவுக்கு வெட்டுவது, துண்டோடு துண்டு சேர்ப்பது, மேல் கயிற்றிலும் அடிக்கயிற்றிலும் இடைவெளி விட்டுக் கட்டுவது, கிழிந்ததைப் பொத்துவது. இதில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முனை. ஒரு கண்ணி தவறி வெட்டினால் அடுத்த வரிசை முழுதும் அரைக்கண்ணியாகிவிடும். பின்னும் வேலை குறையக் குறைய அறுக்கும் வேலை கூடியது என்பதை எஞ்சினை வைத்து விளக்க முடியாது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில், அரசலாறு கடலில் சேரும் இடத்தில் உள்ள காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது வலை வேலை மும்முரமாக நடக்கும். அந்த வேலையில் வெட்டுப்படும் விரற்கடை நூல்கள் மணலில்தான் விழுகின்றன. பருத்தியின் துண்டுகள் ஒரு மழைக்காலத்தில் மண்ணோடு போயின. நைலான் போவதில்லை, காற்றடித்தால் கடலுக்குத்தான் போகிறது. நெருப்பைத் தள்ளிவிட்டுக் கத்தரியை மட்டும் நம்பினால் உருகிச் சிந்தும் துளியாவது குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். முறுக்கு நைலானுக்கு அது பொருந்தாது: முனையை உருக்காவிட்டால் இழைகள் பிரிந்து உதிர்ந்துகொண்டே இருக்கும், கடலில் சேரும் நார் கூடவே செய்யும். ஆகவே வலைக்காரர் பெட்டியில் பிளேடும் லைட்டரும் இருப்பதைப் பழைய பழக்கம் என்று தள்ள முடியாது. அந்த நூலுக்கு அதுதான் சரியான கருவி. பிரெய்டு கட்டுகிறவர் அதே லைட்டரை எடுத்தால்தான் தவறு. கடைக்குப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டியது எந்த நூல் என்பதை. கத்தரி எது என்பதைக் கடைக்காரரே அதற்குப் பிறகு சொல்லிவிடுவார்.