வினாகிரி வாசமும் நான்கு நிமிடப் படச்சுருளும்

இலங்கைத் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோருக்கு முதலில் கிடைப்பவை படங்களல்ல, படங்களைப் பற்றிய பத்திரிகைக் குறிப்புகளே. 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்ட ‘சமுதாயம்’ 1962இல் வெளிவந்தது. 35 மில்லிமீற்றரில் ‘தோட்டக்காரி’ 1963இல் வந்தது. அக்காலப் படங்கள் பலவற்றின் நல்ல பிரதியொன்றைப் பார்ப்பதே இன்று அரிது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது சிங்கள, தமிழ்ப் படச்சுருள்கள் பலவும் சேர்ந்தே அழிந்தன.

ஆதிகாலப் படச்சுருள் தானாகவே தீப்பற்றக் கூடியது. 1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீற்றர் படங்களுக்கு நைத்திரேற்று செலுலோயிட்டே பயன்பட்டது. எரியும்போது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளியிடுவதால் அது நீருக்குள்ளும் எரியும். அதனைத் துவளச் செய்யச் சேர்க்கப்பட்டது, நமது பூசையறையில் ஏற்றும் அதே கற்பூரம்! பின்னர் வந்த அசற்றேற்றுச் சுருளுக்குப் ‘பாதுகாப்புப் படச்சுருள்’ என்று பெயர். தீ வைக்க வருபவரிடமிருந்தும் அது பாதுகாக்கும் என்று எந்தக் கம்பனியும் சொன்னதில்லை.

அசற்றேற்றுக்கு வேறொரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். அதாவது வினாகிரி மணக்கும். வெளிவந்த அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். சுருள் சுருங்கி, நெளிந்து, அப்பளம்போல் நொறுங்கும். மூடிய தகரப் பேணிக்குள் ஆவி வெளியேற வழியில்லை. பேணியின் துருவோ நிலைமையை இன்னும் மோசமாக்கும். கொழும்பின் ஈரக்காற்றில், அலுமாரியின் மேல்தட்டில், முப்பது வருடம் கிடந்த சுருளுக்கு வேறென்ன கதி?

அப்படி மூன்று சுருள்களை நண்பர் ஒருவர் என்னிடம் தந்தார். எல்லாம் 8 மில்லிமீற்றர். 1960களில் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு குடும்பத் திருமணம். அவருடைய தகப்பனார் நடமாடும் காட்சி உலகில் வேறெங்கும் இல்லை. அந்த வீட்டின் அல்பங்கள் இடப்பெயர்வில் தொலைந்து போயின. 50 அடிச் சுருளொன்றில் இருப்பது சுமார் நான்கு நிமிடம் மட்டுமே.

8, 16 மில்லிமீற்றர்ச் சுருள்கள் பெரும்பாலும் பாதுகாப்பு வகையே என்பதால் வீட்டில் தொடலாம். 1950க்கு முற்பட்ட 35 மில்லிமீற்றர்ச் சுருளானால் தொடவே வேண்டாம். ஆவணக் காப்பகத்தாரிடம் சொல்லுங்கள். சன்னல்களைத் திறந்து வைத்து, பருத்திக் கையுறையுடன், கையால் மெல்லச் சுற்றி அவிழ்த்தேன். பூஞ்சணத்தை முதலில் உலர்ந்த மென்துணியால் துடைத்தேன். பிறகு தொண்ணூற்றொன்பது வீத ஐசோபுரோபைல் அற்ககோல், அதுவும் வால்பக்கத்தில் பரீட்சித்துப் பார்த்தபின். தண்ணீர் கூடவே கூடாது. படம் பதிந்திருப்பது ஜெலற்றின் மீது. நனைந்தால் ஊதி வழன்று வந்துவிடும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் அற்ககோல் பலவற்றில் நீர் கலந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய பொழுதுபோக்குக் கலைஞர்கள் நொறுங்கும் சுருளைக் கற்பூரத்தோடு பேணியில் அடைத்து வைப்பார்கள். சுருள் கொஞ்சம் இளகும் என்பது உண்மைதான், ஆனால் அது தற்காலிகம். சிதைந்த அசற்றேற்றை மீட்கும் மருந்து எதுவும் கிடையாது. குளிரில் வைத்தால் நோய் மெதுவாகும், அவ்வளவே. ஒரு வீதத்துக்கு மேல் சுருங்கிய சுருளைப் புரொஜெக்டரில் ஏற்றினால் பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். அதனால் பற்சக்கரம் இல்லாத ஸ்கானரில், சட்டகம் சட்டகமாகப் பிரதி எடுப்பித்தோம்.

முதற் சுருளில் தொடக்கத்துச் சில அடிகள் போய்விட்டன. மிஞ்சியதில் மணவறைக்குப் பக்கத்தில் சால்வையைச் சரிசெய்தபடி ஒருவர் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நண்பர் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். இரண்டாவது சுருளும் ஓரளவு தேறியது. மூன்றாவது மரக்கட்டைபோல் இறுகி ஒட்டியிருக்கிறது. அதை நான் பிரிக்க முயலவில்லை. காற்றோட்டமுள்ள பிளாஸ்ரிக் பேணியொன்றுக்கு மாற்றி, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.