ரயிலில் போன பத்திரிகை

அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகைகளின் கதையை எல்லாரும் 1827-ல் நியூயார்க்கில் வந்த 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' இதழிலிருந்து ஆரம்பிப்பாங்க. முதல் பத்திரிகை அதுதான். ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது, அதுக்கு எழுபத்தெட்டு வருஷம் கழிச்சு வந்த 'சிகாகோ டிஃபெண்டர்'.

1905 மே மாசம். ஜார்ஜியாவில் பிறந்த ராபர்ட் அபாட், சட்டம் படிச்சும் வக்கீலாக முடியாதவர், 25 சென்ட் கையிருப்போடு தொடங்கினார். முதல் இதழ் 300 பிரதி. குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மாதான் வேலை செய்ய இடம் கொடுத்தார்.

சிகாகோவில் அச்சாகும் தாள், தென் மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி? அங்கேதான் விஷயம் இருக்கு. சில ஊர்களில் போலீஸே பிரதிகளைப் பறிமுதல் செய்தது. காரணமும் புரியுது: உள்ளூர் ஏடுகள் மூடி மறைத்த கும்பல் கொலைகளை இது முதல் பக்கத்தில் போட்டது. அதனால் புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்கள் கட்டுகளைக் கொண்டுபோய் வழியில் போட்டார்கள். முதலாளி ஜார்ஜ் புல்மன் பெயரால் பயணிகள் இவங்களை எல்லாம் "ஜார்ஜ்" என்றே கூப்பிடுவாங்களாம். சொந்தப் பெயரை யாரும் கேட்கலை. அந்த ஆட்கள்தான் இந்தப் பத்திரிகையின் விநியோகத் துறை. ஒரு பிரதி முடிதிருத்தும் கடையிலும் சர்ச்சிலும் கைமாறும். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு யாராவது வாசிச்சுக் காட்டுவாங்க.

முதல் உலகப் போர் சமயத்தில் வடக்குத் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. டிஃபெண்டர் வேலை விளம்பரங்களைப் போட்டது, "கிளம்பி வாங்க" என்று வெளிப்படையாகவே எழுதியது. லட்சக்கணக்கானோர் கிளம்பினார்கள். அபாட் வடக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே அழகுபடுத்திவிட்டார் என்பது என் எண்ணம். 1919 ஜூலையில் அதே சிகாகோவில் இனக் கலவரம். 38 பேர் செத்தார்கள், அதில் 23 பேர் கறுப்பினத்தவர். ஆனாலும் வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை.

அதே 1919-ல் எம்மெட் ஸ்காட், தெற்கிலிருந்து கிளம்பத் துடித்தவர்கள் எழுதிய கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். பல கடிதங்கள் டிஃபெண்டருக்கே எழுதியவை. எழுத்துப்பிழை நிறைய. என்ன வேலை தெரியும், வீட்டில் எத்தனை பேர், டிக்கெட்டுக்கு முன்பணம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். சில கடிதங்களில் கூடவே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இதைப் பத்திரிகையில் போட்டுடாதீங்க.