நீலகிரி மலைப் புகையிரதமும் நீராவியின் நீடிப்பும்

மேட்டுப்பாளையம் நிலையத்திற் காலை ஏழு மணியளவில் மலையேறக் காத்துநிற்கும் நீலநிறப் பெட்டிகளை முதன்முறையாகக் காணும் பயணி இயந்திரத்தை வண்டியின் முன்னே தேடி ஏமாறுவான். அது பின்னே நிற்கிறது. குன்னூர் வரை பெட்டிகள் இழுக்கப்படுவதில்லை, தள்ளப்படுகின்றன. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டுவிடலாகாது என்பதே இதன் காரணம். ஒவ்வொரு பெட்டியிலும் தடைக்கட்டையை இயக்க ஒரு பணியாளர் நிற்கிறார். கொடியசைத்துப் பின்னாலுள்ள சாரதிக்குப் பாதையின் நிலையை அறிவிப்பவரும் அவரே. உதகமண்டலம் வரையுள்ள 46 கி.மீ. தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணிநேரம் செல்லும். விரைந்து செல்ல விரும்புவோர்க்குப் பேருந்து உண்டு.

இப்பாதை எளிதில் உருவானதன்று. மலைக்குப் புகையிரதம் அமைக்கும் யோசனை 1854 இலேயே முன்வைக்கப்பட்டது. சென்னை அரசாங்கம் கோடைகாலத்தில் உதகமண்டலத்திலிருந்தே ஆட்சி நடத்தத் தொடங்கியபின் அத்தேவை மேலும் வலுப்பெற்றது. 1873 இற் சமவெளிப் பாதை மேட்டுப்பாளையத்தை அடைந்தது. அதற்கப்பால் மலைச்சுவர் தடுத்தது. சுவிற்சர்லாந்தில் ரிகி மலைக்குப் பற்பாதை அமைத்துப் புகழ்பெற்ற ரிக்கன்பாக் 1880 களின் தொடக்கத்தில் இம்மலைக்கும் ஒரு திட்டம் வகுத்தார். எனினும் வேலை தொடங்கியது 1891 இலேயே. முதலில் முயன்ற நிறுவனம் 1894 இல் முறிவுற்றது. 1899 இற் குன்னூர் வரையும், 1908 இல் உதகமண்டலம் வரையும் பாதை நிறைவுற்றது. யோசனைக்கும் நிறைவுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழிந்தது.

இறுதியில் இங்கு ஏற்கப்பட்ட முறை, ரிக்கன்பாக்கின் தொழிற்சாலையிற் பணியாற்றிய அப்ற் என்பவர் வகுத்ததாகும். கல்லாறு முதற் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களையுடைய இரு இரும்புச் சட்டங்கள் அருகருகே பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றையதன் இடைவெளி அமையும். ஆதலால் இயந்திரத்தின் பற்சக்கரம் எக்கணத்திலும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றியபடியே சுழலும். சரிவு ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி. நம் மலையகப் பெரும்பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 44 அடிக்கு ஓரடியே என்பதை நினைவிற் கொண்டால், நீலகிரிச் சரிவின் கடுமை விளங்கும். 1914 முதற் சுவிற்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிற் செய்யப்பட்ட 'எக்ஸ்' வகை இயந்திரங்களுக்கு உருளைகள் நான்கு. உயரழுத்த நீராவி முதலிரு உருளைகளிற் புகுந்து சாதாரண சக்கரங்களைச் சுழற்றும். அங்கு வேலைசெய்து வெளியேறும் நீராவி வீணாவதில்லை. மற்றைய இரண்டிலும் புகுந்து பற்சக்கரங்களை இயக்கும். குன்னூருக்கு மேற் சரிவு தணிவதால் பற்பாதை அங்கு முடிவடைகிறது.

இந்த வேறுபாடே பின்னைய வரலாற்றையும் தீர்மானித்தது எனலாம். குன்னூருக்கு மேலே டீசல் இயந்திரங்கள் நீராவியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கீழேயுள்ள செங்குத்தில் அவற்றால் ஏற இயலவில்லை. பல்லைப் பற்றி ஏறும் பொறி அவற்றில் இல்லை. சமவெளியெங்கும் நீராவி மறைந்தபோதும் இங்கு அது நிலைத்தமைக்குப் பழமைப் பற்று முதற்காரணமன்று, தேவையே முதற்காரணம். பற்று பிற்பாடு வந்தது. 2005 இல் யுனெஸ்கோ இப்பாதையை டார்ஜிலிங் பாதையுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இணைத்தது. 'மூன்றாம் பிறை' (1982) திரைப்படத்தின் இறுதிக் காட்சியாற் கேத்தி நிலையத்தை அறிந்தோர், பட்டியலை அறிந்தோரினும் பலர் என்பது வேறு விடயம்.

பட்டியலாற் கொதிகலன் புதிதாவதில்லை. பழைய இயந்திரங்கள் தேய்ந்தபோது திருச்சிராப்பள்ளியின் பொன்மலைத் தொழிற்சாலை அதே வகையிற் புதியவற்றைச் செய்யத் தொடங்கியது. எண்ணெயால் இயங்கும் முதலாவது இயந்திரம் 2011 இல் வெளிவந்தது. நிலக்கரியால் இயங்குவனவும் பின்னர் வந்தன. நூறாண்டுக்கு முந்திய சுவிற்சர்லாந்து வடிவமைப்பைத் தமிழ்த் தொழிலாளர் தம் கையால் மீண்டும் படைத்தனர். 2009 நவம்பரிற் பெருமழையும் மண்சரிவும் பாதையைச் சிதைத்தபோது அதனை மீட்டதும் தொழிலாளர் கைகளே. மரபுரிமை எனப்படுவது இரும்பா, அன்றி அவ்விரும்பை இயக்கவும் செப்பனிடவும் அறிந்த கையா என்னும் வினா இங்கு தவிர்க்கவியலாதது.

வழியிலுள்ள நிலையப் பெயர்களும் நோக்கற்பாலன. கல்லாறு, காட்டேரி, அரவங்காடு என்பனவற்றிடையே ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, வெலிங்டன், லவ்டேல் எனப் பிரித்தானியப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ரன்னிமேடு, 1215 இல் ஆங்கில மன்னன் மகாசாசனத்துக்கு உடன்பட்ட தேம்ஸ் கரை வெளியின் பெயர். உரிமைச் சாசனத்தின் பெயரைத் தாங்கிய இந்நிலையத்தருகே பாறை பிளந்தோரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. பாதையின் கதை கூறப்படும்போதெல்லாம் ரிக்கன்பாக்கும் அப்றும் வருகின்றனர்; பதினாறு சுரங்கங்களைக் குடைந்தோர் வெறும் 'கூலிகள்' என்ற சொல்லுள் அடங்கிவிடுகின்றனர்.

நீலகிரிக்கும் நம் மலையகத்துக்கும் இவ்விடத்தில் ஓர் உறவு உண்டு. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளருட் பலர் இம்மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற மலைகளிலும் ஒரு சிறு புகையிரதம் இருந்தது. இரண்டரை அடி அகலமுடைய அப்பாதை நானுஓயாவிலிருந்து 1903 இல் நுவரெலியாவையும் 1904 இல் இராகலையையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதே அதன் முதன்மைப் பணி. வீதிகளில் மோட்டார் வண்டிகள் பெருகியபின் அதற்குத் தேவையில்லாது போயிற்று. 1940 இற் பயணிகள் சேவையும், 1948 இற் பாதை முழுவதும் நிறுத்தப்பட்டன. அதன் ஏற்றம் 24 அடிக்கு ஓரடி, பற்சக்கரமின்றியே ஏறக்கூடியது. பற்பாதை அதற்குத் தேவைப்படவில்லை. ஆகவே அதற்கென ஒரு தனிக் கைவினை மரபும் தோன்றவில்லை.

குன்னூரில் வண்டி நின்றதும் நீராவி இயந்திரம் கழற்றப்படுகிறது. பயணிகள் தேநீருக்கும் படமெடுப்பதற்கும் இறங்குகின்றனர். டீசல் இயந்திரம் வந்து இணைகிறது. கழற்றப்பட்ட இயந்திரம் கொட்டகைக்குச் செல்லும். மறுபடி இறங்குமுன் அதன் அச்சுகளுக்கு எண்ணெயிட்டுப் பற்சக்கரத்தின் தேய்வைப் பார்ப்பதற்கு அங்கு ஆட்கள் காத்திருக்கின்றனர்.