முத்தின் பாடலும் தோமையார் மரபும்

இயேசுவின் சீடர் தோமையார் இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதேசா வட்டாரத்தில், சுரியானி மொழியில் எழுந்தது. அதனுள்ளே முத்தின் பாடல் ஒன்று இருக்கிறது. பாம்பு காக்கும் முத்தை எடுத்துவர எகிப்துக்குப் போகும் கிழக்கத்திய இளவரசன், அந்நாட்டு உணவை உண்டு தான் யார் என்பதையே மறந்து உறங்கிப்போகிறான். தந்தையின் கடிதம் வந்துதான் அவனை எழுப்புகிறது. தன் பிறப்பிடத்தை அறிவதே உயிரின் விடுதலை என்ற ஞானவாதத்தின் குரல் இதில் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அதே நூலில், அரண்மனை கட்ட கோண்டோபரஸ் மன்னன் கொடுத்த செல்வத்தை ஏழைகளுக்குப் பங்கிட்டுவிடுகிறார் தோமையார். நோயாளிகளைத் தொடுகிறார், எண்ணெய் பூசுகிறார், அப்பம் பிட்கிறார். இந்த இரண்டும் ஒரே ஏட்டில் இருப்பதுதான் என்னை ஈர்க்கிறது.

உள்ளொளித் தேடல் ஞானவாதிக்கும் மறைஞானிக்கும் பொது. படைப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் வழி பிரிகிறது. இவ்வுலகு தாழ்ந்த ஒரு படைப்பாளி செய்த சிறை என்றனர் ஞானவாதிகளில் பலர். லியோன் ஆயர் இரனேயு 180 வாக்கில் மறுத்தெழுதியது இதைத்தான். சுரியானி மறைஞானியான நினிவே ஈசாக்கோ, ஏழாம் நூற்றாண்டில், பறவைக்கும் விலங்குக்கும் பேய்களுக்கும்கூட உருகி எரியும் இதயத்தையே இரக்கம் என்றார். உலகைச் சிறையாகக் கண்டவருக்கு அதற்காக அழத் தோன்றாது.

இந்த வேறுபாட்டை அதிகாரம் எப்போதும் பொறுமையாகப் பார்த்ததில்லை. 1599 ஜூனில், கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் கோவாவின் போர்த்துக்கீசியப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம், தோமையாரையே தங்கள் மரபின் தொடக்கமாகக் கொள்ளும் கேரளத் தோமையார் கிறித்தவர்களின் சுரியானி நூல்கள் பலவற்றைத் திருத்தவோ எரிக்கவோ ஆணையிட்டது. இயேசுவின் குழந்தைப் பருவக் கதைநூலும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த நெருப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு என்னும் சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து, போர்த்துக்கீசியத் திருச்சபை அதிகாரத்துக்குக் கீழ்ப்படியோம் என்று அம்மக்கள் உறுதிமொழி எடுத்ததாக மரபு சொல்கிறது. அதன் பின்னணியில் இந்தக் காயமும் உண்டு.

பழியைப் போர்த்துக்கீசியர்மேல் மட்டும் போட்டுவிட முடியாது. 786-787இல் கிழக்குச் சுரியானித் திருச்சபையின் முதுபெரும் தந்தை முதலாம் திமொத்தேயுவே, தம் சொந்த மறைஞானி தால்யாத்தா யோவானைக் கண்டித்தார். யோவானின் கடிதங்கள் அழிந்துவிடவில்லை. கொள்கையில் எதிரணியான மேற்குச் சுரியானித் துறவிகள் அவற்றைப் படியெடுத்துக் காத்தனர். 1665இல் மேற்குச் சுரியானி ஆயர் மார் கிரகோரியோஸ் கேரளம் வந்த பிறகு, தோமையார் கிறித்தவர்களில் ஒரு பிரிவினர் படிப்படியாகச் சேர்ந்ததும் அந்த மேற்குச் சுரியானி மரபோடுதான்.