மில்பீட்டஸ்: மேய்ச்சல் நிலத்தில் எழுந்த நகரம்

தோழர்களே, ஊருக்குள் ஒருவரை வரவிடாமல் தடுக்க அரிவாள் வேண்டும் என்பதில்லை. சாக்கடை இணைப்புக் கட்டணமே போதும். கலிபோர்னியாவில் சான் ஹொசே நகருக்கு அருகிலுள்ள மில்பீட்டஸ் பக்கம் நடந்த கதை அது.

அது ஓலோனி பூர்வகுடிகளின் நிலம். ஸ்பானியக் கிறித்துவ மிஷன்கள் அவர்களைப் பிடித்துப் போட்டு வேலை வாங்கின. 1830களில் மிஷன் சொத்துகள் கலைக்கப்பட்டபோது, பூர்வகுடிகளுக்குப் பங்கு தருவதாகச் சட்டம் சொன்னது. நிலமோ பெரும்பாலும் செல்வாக்குள்ள குடும்பங்களிடம் போய்ச் சேர்ந்தது. ராஞ்சோ மில்பீட்டஸ் 1835இல் அல்விசோ என்பவருக்கு மானியமாகக் கிடைத்தது. தோலுக்கும் கொழுப்புக்கும் மாடு வளர்த்தார்கள். மாட்டை மேய்த்தவர்களில் பலர் அந்த மண்ணின் பூர்வகுடிகளே. அமெரிக்க ஆட்சி வந்ததும் 1850இல் ஒரு சட்டம். வேலையில்லாமல் திரிகிறார் என்று பிடிபட்ட பூர்வகுடியின் உழைப்பை அதன்படி ஏலம் விடலாம். சட்டத்தின் பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல்லும் இருந்தது!

நூறாண்டு கழித்து ஃபோர்டு நிறுவனம் ரிச்மண்டிலிருந்த கார் ஆலையை மூடி, 1955இல் மில்பீட்டஸுக்குக் கொண்டுவந்தது. சுமார் 1,400 தொழிலாளர்களில் 250 பேர் அளவுக்குக் கறுப்பினத்தவர். வேலை போகாதபடி தொழிற்சங்கம் பார்த்துக்கொண்டது. வீடு? 1954இல் நகராட்சியான மில்பீட்டஸ், அடுக்குமாடி வாடகை வீடுகள் கட்டுவதை அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. புதிய தனிவீட்டு மனைகளுக்கு அரசு உத்தரவாதத்தோடு வங்கிக் கடன் கிடைத்தது. ஆனால் கறுப்பினத்தவருக்கு விற்காத குடியிருப்புகளுக்கே அந்த உத்தரவாதம்.

குவேக்கர்களின் சேவை அமைப்பு, எல்லோரும் சேர்ந்து வாழும் குடியிருப்பு கட்ட இடம் தேடியது. முதல் மனை தெரியவந்ததும் மாவட்ட நிர்வாகம் அதைத் தொழிற்சாலைப் பகுதி ஆக்கியது. அடுத்த ஊரில் அனுமதியே கிடையாது என்றார்கள். மூன்றாவது ஊர், மனையின் குறைந்தபட்ச அளவை 6,000 சதுர அடியிலிருந்து 8,000 ஆக்கியது. தொழிலாளியின் கைக்கு எட்டாது. பிறகு சங்கத்தின் குடியிருப்புத் திட்டத்துக்குத்தான் சாக்கடைக் கட்டணம் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. கவனியுங்கள், இந்த உத்தரவுகள் எதிலும் நிறம் என்ற சொல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் ஊர்களில் 'வீடு காலி இல்லை' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும்.

சங்கம் விடவில்லை. வழக்கு, போராட்டம், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து, சன்னிஹில்ஸ் குடியிருப்பு கலந்து வாழும் இடமாக எழுந்தது. அந்தச் சங்கத்தின் வீட்டுவசதிக் குழுவில் உழைத்த பென் கிராஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி 1966இல் மில்பீட்டஸ் மேயரானார். ஆனால் அதற்குள் ஆண்டுகள் ஓடியிருந்தன. இடம் கிடைக்காத பலர் ரிச்மண்டிலிருந்தே தினமும் பல மணி நேரம் காரில் போய்வந்தார்கள்.

ஆலை 1983இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடம் இப்போது வணிக வளாகம். அதைச் சுற்றிலும் மென்பொருள் வேலைக்கு வந்த இந்தியர்கள் நிறைய வசிக்கிறார்கள். சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா 2023இல் கலிபோர்னியச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் அதை நிராகரித்துத் திருப்பி அனுப்பினார்.