நூல்முகப்பில் அலங்கார எழுத்து: அதன் வளர்ச்சியும் அதனை மதிப்பிடும் முறையும்

ஒரு நூலைக் கையில் எடுப்பவரின் கண்ணில் முதலில் படுவது மேலட்டைச் சித்திரமே என்று பொதுவாகக் கருதப்படினும், அச்சித்திரத்தோடு இணைந்து நூலின் பெயரைத் தாங்கி நிற்கும் எழுத்துக்களே அந்த முகப்பின் குணத்தைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. சித்திரத்தின் வர்ணத்தையும் பாவத்தையும் பற்றி விரிவாக அபிப்பிராயம் சொல்லக்கூடிய ரஸிகர்கள் நம்மிடையே பலர் உளர். ஆனால் தலைப்பெழுத்தைப் பற்றிக் கேட்டால், ‘நன்றாயிருக்கிறது’ என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல அவர்களுக்கும் வருவதில்லை. இந்தக் குறைக்குக் காரணம் ரஸனையின்மை அன்று. அலங்கார எழுத்தை எந்த லட்சணங்களைக் கொண்டு பரீட்சிப்பது என்பது நம் மொழியில் வரையறுக்கப்படாமையே ஆகும். தமிழ் எழுத்து ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து ஓவியனின் தூரிகைக்கும் வந்த வரலாற்றை ஒழுங்காகப் பார்த்தால் அந்த லட்சணங்கள் தாமே புலப்படும் என்பதும், அவற்றுள் பிரதானமானது அலங்காரம் எழுத்தின் சொந்த உருவத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோருக்கு, ஓலையின் நரம்பும் அதன் கிழியும் தன்மையும் சில கட்டுப்பாடுகளை விதித்தன. வளைந்து திரும்பும் கோடுகள் அதற்கு இசைந்தன. அழுத்திக் குத்தும் புள்ளி இசையவில்லை. ஆகவே சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. ரகரமும் காலும் ஒரே உருவம் பெற்றன. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. படிப்பவர் செய்யுளின் ஓசையையும் பொருளையும் கொண்டு எழுத்தை ஊகித்துக் கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில்களை உருவத்தால் பிரித்துக் காட்டும் முறையை வகுத்தது, இந்த ஊகத்தின் சிரமத்தை உணர்ந்ததால்தான். தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தின் வரலாறு முழுவதிலும், ஓரெழுத்தை மற்றோரெழுத்தினின்று பிரித்தறியச் செய்யும் முயற்சி ஊடுருவிச் செல்வதைக் காண்கிறோம். பிற்காலத்து அலங்கார எழுத்து இந்த நூற்றாண்டுகளின் உழைப்பை அழிக்கிறதா, காக்கிறதா என்பதே நம் முதற் பரீட்சையாக இருத்தல் தகும்.

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் ஈய எழுத்தின் ஆதி நிலையைக் காட்டுகிறது. 1710-களில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அமைத்த அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வார்த்தனுப்பப்பட்ட எழுத்துக்கள் மிகப் பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கியமையால், சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்க்க நேர்ந்தது. 1835-இல் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் நீங்கிய பிறகு தமிழர் நடத்திய அச்சகங்கள் பெருகின. அவற்றிலிருந்து வெளிவந்த நூல்களின் முகப்பேடு தனக்கென ஒரு சம்பிரதாயத்தை வளர்த்துக்கொண்டது. தெய்வ வணக்கம் மேலே. நூற்பெயர் பெரிய எழுத்தில். ஆசிரியர், உரையாசிரியர், பரிசோதித்தவர் பெயர்கள் படிப்படியாகச் சிறுத்து நடுவே. அச்சகத்தின் பெயரும் தமிழ் வருஷமும் அடியில். 1887-இல் உ. வே. சாமிநாதையர் சென்னையில் திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தின் வாயிலாக வெளியிட்ட சீவக சிந்தாமணியின் காலத்தில் முகப்பின் அலங்காரம் என்பது இந்த அளவுக் கிரமமும், சுற்றிலும் வைத்த பூவேலைக் கரையுமே ஆகும். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் இருந்ததற்கு மேல் அலங்காரம் இல்லை. எழுத்தின் உருவத்தில் எவரும் கை வைக்கவில்லை.

கை வைக்கும் உரிமையைத் தந்தது துத்தநாகத் தகட்டில் செய்யப்பட்ட பிளாக். ஓவியர் மசியால் வரைந்த எழுத்தைப் புகைப்படமாக்கித் தகட்டில் ஏற்றி, அமிலத்தால் அரித்து அச்சிடும் இம்முறை பரவிய பின், 1926-இல் தோன்றிய ஆனந்த விகடன், 1932-இல் தோன்றிய கலைமகள், 1941-இல் தோன்றிய கல்கி ஆகிய பத்திரிகைகளின் காலத்தில், கதைத் தலைப்புக்களைக் கையால் வரைவது பெருவழக்காயிற்று. பத்திரிகைகளில் பழகிய கைகளே நூல்களின் மேலட்டைக்கும் எழுதின. பூங்கொடியாகச் சுருளும் எழுத்து, கல்லில் செதுக்கியது போன்ற நிழலெழுத்து, சலங்கை கட்டிய எழுத்து எனப் பலவகை ரூபங்கள் எழுந்தன. பிளாக்கோ தன் நியாயத்தை விட்டுக்கொடுக்கவில்லை: பெரிதாக வரைந்ததைச் சிறிதாக்கும்போது மெல்லிய இழைகள் அறுந்தன, நெருங்கிய சுழிகளுக்குள் மை அடைத்துக் கொண்டது. சுழிகளே நிறைந்த தமிழுக்கு இது பெரிய ஆபத்து. சுழியின் உள்வெளியைச் சற்று அகலமாகத் திறந்து வரையத் தெரிந்த ஓவியரின் எழுத்து தெளிவாக நின்றது. அதை அறியாதவரின் எழுத்து வரைபடத்தில் அழகாயிருந்து அட்டையில் கறையாயிற்று. அச்சேறிய பின் எப்படி நிற்கிறது என்று பார்த்தே எழுத்தை மதிப்பிட வேண்டும் என்ற இரண்டாவது லட்சணம் இந்த அனுபவத்தின் பயன்.

‘மணிமேகலை’ என்னும் ஒரு பெயரையே எடுத்துப் பார்ப்போம். இரண்டாம் எழுத்தாகிய ணியில் மூன்று சுழி உண்டு. ஒரு வளைவை இழந்தால் அது னியாகும். ஆகவே இங்கே ஓவியர் சுழியைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அலங்காரம் செய்ய விரும்பினால் இகரத்தின் மேல்விலங்கு அதற்கென்றே அமைந்த இடம், ஏனெனில் அது கோடு முடியும் இடம். எவ்வளவு நீட்டி வளைத்தாலும் வேறெழுத்தாகாது. மேயின் இரட்டைக்கொம்பில் மேற்சுழியை ஒரு மலர்மொட்டாக வரைந்து, மொட்டின் மீதுள்ள கவனத்தில் சுழியை மறைத்துவிட்டால், மேகலை மெகலையாகிவிடும். கடைசி எழுத்தாகிய லையில் வரலாறே குறுக்கிடுகிறது. லகரத்தோடு யானைத் துதிக்கைபோல் வளைந்து இணைந்த பழைய லை, அலங்கார எழுத்தாளருக்கு வாய்த்த வரப்பிரசாதமாக இருந்தது. அந்த வளைவை மேலே உயர்த்திப் பெயர் முழுவதையும் தழுவச் செய்யலாம். 1935-இல் பெரியார் குடி அரசில் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்ட பின், ணை, லை, ளை, னை முதலியவை ஏனைய ஐகார எழுத்துக்களைப் போலவே கொம்பு தனித்து முன்னிற்கும் உருவத்தைப் பெற்றன. குழந்தைகளுக்கும் அச்சுக்கோப்பவருக்கும் இதனால் விளைந்த நன்மை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் முகப்பு எழுதுபவர் அதன்பின் அதே பெயருக்கு வேறொரு மையத்தைத் தேட வேண்டியதாயிற்று. துதிக்கையின் நினைவில் கொம்பை வலிந்து நீட்டியவர்களின் எழுத்து சமநிலை இழந்ததையும், புதிய உருவத்தின் இரு சுழிகளையே தாளகதியாகக் கொண்டவர்களின் எழுத்து நிமிர்ந்து நின்றதையும் நாம் ஒப்பிட்டு உணரலாம்.

மேலைநாட்டில் இத்துறைக்கு இலக்கணம் வகுத்தவருள் தலையாயவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். அவர் 1906-இல் வெளியிட்ட நூலில், எளிதில் படிக்க முடிதல், அழகு, தனித்தன்மை ஆகிய மூன்றையும் எழுத்தின் இன்றியமையாத குணங்களாகக் கூறி, தட்டைமுனைப் பேனாவின் இயக்கத்திலிருந்து ரோமன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் பிறப்பதை விளக்கினார். இம்மூன்று குணங்களும் எம்மொழிக்கும் பொருந்துவன. ஆனால் தட்டைமுனைப் பேனாவின் தடிப்பு மெலிவுகளை அப்படியே தமிழில் ஏற்றினால், ஒரே கனமுள்ள எழுத்தாணிக் கோட்டில் உருவான நம் எழுத்து சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் நலிந்தும் தோன்றும். அவ்வாறே நாகரி எழுத்தின் தலைக்கோட்டைத் தமிழின் மேல் கவிழ்த்து வடமொழித் தோற்றம் தர முயலும் முகப்புக்களில், மேலே திறந்து நிற்க வேண்டிய ப, ம, ய, வ ஆகியவை மூடுண்டு தம் உருவத்தையே இழக்கின்றன. ஒரு மொழியின் எழுத்துக்கு மற்றொரு மொழியின் ஆடையை உடுத்துவது அலங்காரம் ஆகாது.

இதற்கு மாறாக, தமிழ் எழுத்தின் உள்ளிருந்தே புதுமையைக் கொணர்ந்தவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவரும், காந்தியடிகளின் கோட்டோவியங்களால் புகழ்பெற்றவருமான அவர், சிறுபத்திரிகைகளுக்கும் இலக்கிய நூல்களுக்கும் எழுதிய தலைப்புக்களில் பூவும் கொடியும் நிழலும் இல்லை. தூரிகையின் வேகமும் தயக்கமும் கரடுமுரடான விளிம்புமே அலங்காரமாயின. கோணலாகத் தோன்றும் அவ்வெழுத்துக்களைச் சிலர் அழகற்றவை என்று கருதினர். கூர்ந்து பார்த்தால், சுழியின் எண்ணிக்கை பிசகாமலும், காலும் ரகரமும் மயங்காமலும் அவை நிற்பதையும், கரிசல் மண்ணின் வாழ்வைச் சொல்லும் எழுத்துக்கு அந்தக் கரடுமுரடே உரிய குரலாக அமைவதையும் காணலாம். நூலின் பொருளோடு எழுத்தின் குணம் ஒத்திருத்தல் என்னும் மூன்றாவது லட்சணத்தை அவருடைய தலைப்புக்களைப் போலத் தெளிவாகக் காட்டுவன அரியன.

இன்று கணிப்பொறியில் கிடைக்கும் ஆயத்த எழுத்துருவை நீட்டியும் சாய்த்தும் நிழலிட்டும் முகப்பு அமைப்பது எளிதாகிவிட்டது. நீட்டும்போது கோட்டின் கனம் குறுக்கில் ஒன்றாகவும் நெடுக்கில் ஒன்றாகவும் திரிவதையும், ஒரே பெயரில் இருமுறை வரும் எழுத்து அச்சுப்பிசகாமல் ஒன்றாகவே நின்று கையின் உயிர்ப்பை இழப்பதையும் பலர் கவனிப்பதில்லை. கருவியைக் குறை கூறுவதற்கில்லை. ஓலையும் ஈயமும் பிளாக்கும் விதித்த கட்டுப்பாடுகள் முன்னோரைச் சிந்திக்க வைத்தன, கணிப்பொறி எதையும் தடுக்காமையால் சிந்தனையை நாமே வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே முகப்பெழுத்தைப் பரிசீலிப்பவர் முதலில் எழுத்துக்கள் ஒன்றினின்று ஒன்று மயங்காது நிற்கின்றனவா என்றும், அடுத்து அச்சில் அவற்றின் உள்வெளி திறந்திருக்கிறதா என்றும், பிறகு அலங்காரம் கோடு முடியும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் இயல்பாக எழுகிறதா, வெளியிலிருந்து ஒட்டப்பட்டதா என்றும், கடைசியில் நூலின் பொருளோடு அது இசைகிறதா என்றும் இக்கிரமத்திலேயே வினவுதல் வேண்டும். முதல் வினாவில் தோற்ற எழுத்தைப் பின்வருவன எவையும் காப்பாற்ற மாட்டா.

இத்தகைய பரிசீலனைக்கு ஆதாரம் பழைய மேலட்டைகளே. ஆனால் நூலகங்களில் மறுகட்டுச் செய்யும்போது மூல அட்டையைக் கிழித்தெறிந்து காலிகோ துணி போர்த்துவது நெடுநாள் வழக்கமாயிருந்தமையால், எத்தனையோ ஓவியரின் கைத்திறன் தடயமின்றி மறைந்தது. எஞ்சியவற்றையேனும் உள்ளே வைத்துக் கட்டுவதும், முகப்புக்குச் சித்திரம் வரைந்தவர் பெயரோடு எழுத்து எழுதியவர் பெயரையும் பதிப்பாளர் அச்சிடுவதும், இக்கலைக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமைகளாம். ஒரு தலைமுறையின் முகப்புக்களை அடுத்த தலைமுறை பெயரறிந்து ஒப்பிட்டுப் பார்க்க இயலும் இடத்தில்தான் மதிப்பீடு என்பதற்கு அஸ்திவாரம் அமையும்.